பொட்டைத் தின்ற கேமரா

தாலி ஏறுவதற்கு முன்பே ஒரு பெண்ணை விதவையாக்கியவன் நான். அட்டன் பட்டணத்தில் இந்தப் பெருமைக்கு இன்றுவரை போட்டி கிடையாது.

பயப்பட வேண்டாம், யாரும் சாகவில்லை. மாப்பிள்ளை சரவணன் கொழும்பில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு சுகமாகத்தான் இருந்தார். அவரைச் சாகடித்தது நான் எடுத்த ஒரு படம். அந்தப் படத்தை நானே சட்டம் போட்டு, என் ஸ்டூடியோ முகப்பில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டியும் வைத்திருந்தேன். திருடன் தன் கைரேகையைப் பெரிதுபண்ணி வாசலில் தொங்கவிட்டது மாதிரி.

அன்று காலை தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்து டீசல் புகையும் பக்கத்துக் கடைப் பராட்டா வாசமும் ஒன்றாகக் கலந்து உள்ளே வந்தன. மணப்பெண் கோகிலாவின் அப்பா, பெருமாள் அண்ணன், குடையோடு வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார். தேயிலை பெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே குடியிருப்பவர். மெதுவாகப் பார்ப்பார், மெதுவாகப் பேசுவார்.

பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பக்கத்துக் கடைக்குப் பால் சேர்க்காத பிளேன்டி இரண்டு சொல்லிவிட்டேன்.

"எப்பிடிங்கண்ணே இருக்கு?" என்றேன்.

அவர் குடையை மடக்கினார்.

"எம் மக நெத்தியில பொட்டு எங்க?"

"என்னாங்க?"

"பொட்டு எங்க தம்பி? செவப்புச் சேல எங்க? யாருக்குக் கருமாதின்னு இந்தப் படத்த எடுத்தீங்க?"

நான் படத்தைப் பார்த்தேன். அதற்கு முன் நூறு தடவை பார்த்த படம். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"மாப்ள வூட்டுக்கும் இதத்தானே அனுப்பியிருக்கீங்க? நேத்து அந்தியிலேருந்து சம்பந்தியம்மா போன எடுக்க மாட்டேங்குறாங்க. பத்திரிக எல்லாம் குடுத்தாச்சு. கல்யாணம் நின்னுச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லயத்துக்குள்ள போவேன்?"

பிளேன்டி வந்தது. இரண்டையும் நானே குடித்தேன்.

ஓமானில் கெட்டுப்போன கேமரா

இந்தக் கதையில் குற்றவாளி இரண்டு பேர். இரண்டாவது ஆள் என் மனைவியின் அண்ணன் செபஸ்தியான். ஓமான் பாலைவனத்தில் தண்ணீர் பவுசர் லாரி ஓட்டுகிறவன்.

அவனுக்கு அங்கே யாரோ ஓர் இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் அதை வைத்துப் பாலைவனத்தைப் படம் படமாக எடுத்தான். எடுத்த படமெல்லாம் சிவப்பாக வந்தது. மணலும் சிவப்பு, படமும் சிவப்பு என்பதால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஒரே ஒரு மரம் மட்டும் வெளுத்துப்போய் இருந்திச்சு மச்சான். மரத்துக்கு ஏதோ சீக்குன்னு நெனச்சேன்," என்று பிறகு போனில் சொன்னான்.

லீவுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாளை எடுத்தான். கேக்கும் சிவப்பு, பிள்ளைகளும் சிவப்பு, பாதிரியாரும் சிவப்பு. கேமரா கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டி என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

நான் தொழில் தெரிந்தவன் அல்லவா? திருத்திவிடலாம் என்று இறங்கினேன். அரிசிக்குள் புதைத்து வைத்தேன். மனைவி தலைமுடி காயவைக்கிற மெஷினால் ஊதினேன். தட்டியும் பார்த்தேன். கேமரா மசியவில்லை. அரிசிதான் வீணாகி, வீட்டில் ஒரு சண்டை வந்தது.

கடைசியில் கேமரா கெடவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும்தான் விவரம் போதாது என்று தெரிந்தது. நம் கண்ணுக்குச் சிவப்பு வரைக்கும்தான் ஓட்டம். அதற்கு அப்பாலும் வெளிச்சம் இருக்கிறது. அகச்சிவப்பு என்கிறார்கள். எல்லாக் கேமராவுக்குள்ளேயும் அதைத் தடுத்து நிறுத்த ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அந்த இன்ஜினியர் அதைக் கழற்றிவிட்டு, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிற கண்ணாடியைப் போட்டிருந்தார். படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால்தான் அதன் சங்கதி புரியும்.

பச்சை இலை அந்த வெளிச்சத்தை வேண்டாம் என்று அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகையால் உயிருள்ள இலையெல்லாம் படத்தில் வெள்ளை. நீலவானம் கறுப்பு. ஓடைத் தண்ணீர் தார் ஊற்றியது மாதிரி.

பாலைவனத்தில் இலைக்கு எங்கே போவது? மச்சான் மாதக்கணக்கில் எடுத்தும் மணல் மணலாகவே இருந்ததற்குக் காரணம் அதுதான். இங்கேயோ குனிந்தாலும் இலை, நிமிர்ந்தாலும் இலை.

பனி பெய்த மலை

முதல் தடவை அந்தக் கேமராவைத் திம்புள்ளத் தோட்டப் பக்கம் கொண்டுபோனது ஓர் உச்சி வெயிலில். படம் எடுக்கிறவன் எவனும் அந்த நேரத்துக்கு வெளியே போகமாட்டான். முகத்தில் நிழல் விழும், வெளிச்சம் கொட்டும். இந்தக் கேமராவுக்கு அதுதான் விருந்து.

எடுத்தேன். திரையைப் பார்த்தேன். மலை முழுக்கப் பனி.

தேயிலைச் செடியெல்லாம் வெண்பஞ்சு. நடுவில் கவ்வாத்து வெட்டி விட்ட ஒரு மலை மட்டும், இலை இல்லாததால், கருகின அடை மாதிரி கிடந்தது. சவுக்கு மரங்கள் வெள்ளி. மேலே இருந்த வானம் ராத்திரியைப் போலக் கறுத்து, மேகம் மட்டும் துண்டு துண்டாக நின்றது. எனக்குப் பழக்கமான மலை. அங்கே யாரும் இல்லாதது போல அமைதியாக இருந்தது. உண்மையில் பக்கத்திலேயே பத்துப் பதினைந்து பேர் கொழுந்து பறித்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஓர் அக்கா கூடையோடு எட்டிப் பார்த்தார்.

"ஐயோ சாமி, கொழுந்தெல்லாம் நரச்சுப் போச்சே!"

"இத நிறுக்கக் கொண்டுபோனா கண்டாக்கு அரப்பேருதான் போடுவாரு," என்றார் இன்னொருவர். கண்டாக்கு கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுகிறவர்; அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். பனி பெய்தாலும் அந்தக் கவலை போகாது.

நான் படத்தைப் பேஸ்புக்கில் போட்டேன். ஒரு விளக்கமும் எழுதவில்லை. விளக்கம் எழுதினால் அழகு கெட்டுவிடும் என்று ஒரு திமிர். அடுத்த ஞாயிறு கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் கம்பளிச் சட்டை, கையுறையோடு வந்து இறங்கியது. பனி எங்கே பெய்தது என்று என்னிடமே வழி கேட்டது.

"நேத்தோட கரைஞ்சு போச்சுங்க," என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பாவம்தான் பிறகு கோகிலா விஷயத்தில் என்னைப் பிடித்தது என்று என் மனைவி இன்றும் நம்புகிறாள்.

எங்கள் கோயில் வெள்ளை

கோகிலா தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் மலையிலும் ஓடையிலும் நின்று படம் எடுத்துக்கொள்வது இப்போது எல்லா வீட்டிலும் உண்டு. எடுத்து முடித்து சரவணன் உடுப்பு மாற்றப் போயிருந்தபோது கோகிலா கேட்டாள்.

"அண்ணே, அந்தப் பனிப் படம் மாதிரி எனக்கு ஒண்ணு எடுங்கண்ணே. மல பூரா வெள்ளையா, நடுவுல நான் செவப்பா."

சிவப்புப் பட்டு கட்டியிருந்தாள். குங்குமப் பொட்டு. வெயில் நல்ல வெயில். எடுத்தேன்.

சாயம் போட்ட பட்டும் குங்குமமும் இலையைப் போலவே அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. திரையில் பார்த்தால் மலையும் வெள்ளை, சேலையும் வெள்ளை. நெற்றி பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது. கண்கள் மட்டும் கறுப்பாக, ஆழமாக.

எனக்கு மெய்சிலிர்த்தது. இதை ஏன் விளக்குகிறேன் என்றால், நான் வேதக்காரன். எங்கள் மாதா கோயிலில் மணப்பெண் என்றாலே வெள்ளைச் சேலைதான். என் அம்மா வெள்ளையில் கல்யாணம் கட்டினார். என் அக்காமார் வெள்ளை. என் மனைவி வெள்ளை. பொட்டும் கிடையாது. என் கண்ணுக்கு அது மணப்பெண்ணாகவே தெரிந்தது. அந்த நிமிடம் கோகிலா ஒரு சைவப் பெண் என்பது என் மண்டையில் எந்த மூலையிலும் இல்லை.

கோகிலாவுக்குக் காட்டவில்லை. சர்ப்ரைசாக இருக்கட்டும் என்று பெரிதாக அச்சடித்து மாட்டினேன். சரவணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் திறந்துகூடப் பார்க்காமல் அம்மாவுக்குத் தள்ளிவிட்டார்.

அம்மா பார்த்தார்.

வலப்பனைப் பக்கம்

அண்ணன் கடைக்கு வந்த மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டோம். பெருமாள் அண்ணன், கோகிலா, நான். நுவரெலியா போய், பஸ் மாறி, வலப்பனைப் பக்கம் இறங்கவேண்டும். நான் அந்தக் கேமராவையும் தோளில் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அண்ணன் கொதித்துப்போனார்.

"அத எதுக்குத் தம்பி சொமந்துக்கிட்டு? அங்க இருக்குறவங்களையும் முடிச்சுட்டு வரவா?"

"நான்தாம்ப்பா கொண்டாரச் சொன்னேன்," என்றாள் கோகிலா. வழி முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கோஸ் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா லெட்சுமி அம்மா. சரவணன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே புருஷன் மலையில் மரம் விழுந்து இறந்துபோனார். கொழுந்து பறித்துத்தான் மகனை ஆளாக்கினார். அன்று கட்டியிருந்தது வெள்ளை என்று சொல்ல முடியாத, துவைத்துத் துவைத்து வெளுத்த ஒரு சேலை. நெற்றி வெறுமை. லயத்தின் முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து, எங்களை உட்காரச் சொல்லி, இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார். சண்டை போடுகிறவர் மாதிரியே தெரியவில்லை.

அண்ணன் மன்னிப்புக் கேட்டார். நான் படத்தைக் கடையில் மாட்டியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். லெட்சுமி அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்துப் படத்தைக் காட்டினார்.

"மொதல்ல இது யாரோன்னு நெனச்சேங்க. அப்பறம்தான் கோகிலா புள்ளன்னு வெளங்குச்சு. எனக்கு யாரு மேலயும் கோவமில்ல. இந்தக் கோலம் எப்பிடின்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ளைய இப்பிடிப் பாத்தப்பறம் எனக்குக் கை கால் ஓடல."

"அது கேமராவோட கோளாறுங்கம்மா..." என்றார் அண்ணன்.

"இருக்கட்டுங்கண்ணே. கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போடுவோம்."

தள்ளிப் போடுவது என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தள்ளிப் போட்ட கல்யாணம் எதுவும் திரும்பி வந்து நான் படம் எடுத்ததில்லை. அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "அம்மா, விஞ்ஞானப்படி பாத்தா, அகச்சிவப்புங்கிறது..."

"தம்பி," என்றார் அண்ணன், "நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தாலே பெரிய ஒதவி."

வரிசையாக நில்லுங்க

கோகிலா எழுந்தாள். வகுப்பில் பிள்ளைகளை எழுப்புகிற குரலில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, இங்க இருக்குற எல்லாரையும் எடுங்க. பொட்டு வச்சவங்க எல்லாரையும்."

முதலில் வந்தது லெட்சுமி அம்மாவின் தங்கை செல்லம்மா. பக்கத்துக் காம்பிரா வீட்டிலேயே குடியிருப்பவர். உரத்த குரல், சிவப்புச் சேலை, ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு குங்குமம்.

"எடுங்க தம்பி. எம் பொட்ட எந்த மிசினு அழிக்குதுன்னு நானும் பாக்குறேன்."

எடுத்தேன். திரையைக் காட்டினேன்.

"அடியே!" என்று அலறினார். "எம் புருசன் உள்ள தேங்கா துருவிக்கிட்டுல்ல இருக்காரு!"

"என்னா?" என்று உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல. நீ உசுரோடதான் இருக்கே. துருவு."

அதற்குப் பிறகு வரிசை நின்றது. லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகிற சேலையோடு, ஈரத்தலையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பச்சைச் சேலை வெள்ளை. மஞ்சள் சேலை வெள்ளை. கறுப்புச் சட்டை கூட வெள்ளை. பொட்டெல்லாம் போயே போய்விட்டது. தோல் சுருக்கமும் அந்த வெளிச்சத்தில் பாதி மறைந்துவிடும். வயதான ஓர் அம்மாள் திரையைப் பார்த்து வெட்கப்பட்டார்.

"கொமரி மாதிரி இருக்கேன். இதயே எனக்குக் கழுவித் தாங்க."

சிரிப்புச் சத்தம் அடங்கவில்லை. எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாம் என்று தேயிலை மலை பின்னால் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். கோகிலா நடுவில் நின்றாள்.

செல்லம்மா திரும்பி அக்காவைக் கூப்பிட்டார். "நீயும் வா."

"நான் எதுக்கு?" என்றார் லெட்சுமி அம்மா. "கல்யாணப் பேச்சுக்கு எடுக்குற படம். நீங்க நில்லுங்க."

"கல்யாணமே வேணாங்குறே. அப்பறம் என்னா கல்யாணப் பேச்சு? வந்து நில்லு."

லெட்சுமி அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையின் ஓரத்தில் வந்து நின்றார். கோகிலா அவரது முழங்கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எடுத்தேன். எல்லோரும் கேமராவைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னத் திரை. வெள்ளை மலை, வெள்ளைச் சேலைகள், வெறும் நெற்றிகள்.

"இதுல அக்கா எது?" என்றார் செல்லம்மா. விரலை வைத்துத் தேடினார். முதலில் தன்னையே காட்டி, அக்கா என்றார்.

லெட்சுமி அம்மா கேமராவைக் கையில் வாங்கினார். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அண்ணன் என்னை முறைத்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க," என்றார்.

கேமராவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெருமாள் அண்ணனைப் பார்த்தார்.

"சொன்ன தேதியிலயே வச்சுக்குவோம்ணே. அந்தப் படத்தக் கடையிலேருந்து எடுத்துரச் சொல்லுங்க, அது போதும்."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கல்யாணத்துக்கு நீங்க வரணும். அந்த மிசினு வரக்கூடாது."

"ஒங்களுக்கு வெள்ளதான் புடிக்கும்னா, ஒங்க சம்சாரத்த இன்னொருக்காக் கல்யாணம் கட்டிப் படம் எடுத்துக்கங்கண்ணே," என்றாள் கோகிலா. அவள் சிரித்ததை அந்த இரண்டு நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

மண்டபத்தில்

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் வழக்கமான கேமராவோடு போயிருந்தேன். அண்ணனுக்குப் பயந்து மற்றதைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். சிவப்பு சிவப்பாக விழுந்தது. மஞ்சள் மஞ்சளாக விழுந்தது. பொட்டு நெற்றியிலேயே இருந்தது. இவ்வளவு சாதாரணமான விஷயத்துக்கு நான் அன்றைக்கு மாதிரி என்றும் நன்றி சொன்னதில்லை.

தாலி கட்டும்போது மேடையில் மாப்பிள்ளையின் அம்மா இடத்தில் செல்லம்மா நின்றார். ஆரத்தியும் அவர்தான் எடுத்தார். லெட்சுமி அம்மா மண்டபத்தின் பின்பக்கம், பந்தி போடுகிற வாசலுக்குப் பக்கத்தில், தூணோரமாக நின்று பார்த்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. வழக்கம் அப்படி. தாலி ஏறியதும் வாழையிலைகளைத் துடைக்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் நிறுத்தினேன். சரவணன் இரண்டு தடவை கழுத்தை நீட்டிப் பின்பக்கம் பார்த்தார். கோகிலா பட்டுச் சேலையும் மாலையுமாக இருந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினாள்.

"அண்ணே, அத்தையக் கூட்டிட்டு வாங்க. அவங்க வராம எடுக்காதீங்க."

ஆட்களை விலக்கிக்கொண்டு பின்னால் போனேன். சாம்பார் வாசம், ஈர இலை வாசம். லெட்சுமி அம்மா கையில் துணியோடு நின்றார்.

"வாங்கம்மா, குடும்பப் படம். ஒங்களுக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க."

அவர் மேடையைப் பார்த்தார். அங்கே எரிந்த விளக்குகளையும் வரிசையாக நின்ற பட்டுச் சேலைகளையும் பார்த்தார். தன் வெள்ளைச் சேலையைக் குனிந்து பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தார்.

"எந்தக் கேமரா?"